பன்னிரண்டாவது பிரதி

அந்தத் திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் பத்துப் பேர். நீள மேசையின் தலைமாட்டில் தலைமையாசிரியை. அவருக்கு வலப்பக்கம் கைகட்டிய ஐந்தாம் வகுப்பு சார். இடப்பக்கம் தூக்கம் கலையாத ஒன்றாம் வகுப்பு டீச்சர். மற்றவர்கள் அவரவர் வழக்கமான இடத்தில். தானே தட்டச்சு செய்து பிரதி எடுத்த வாரத் தாள்களை அணைத்தபடி வாசலில் நின்ற இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு மட்டும் இடமில்லை. அவளுடைய ஜன்னலோர நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவன், சொட்டும் குடையோடு உட்கார்ந்திருந்தான்.

"சார், இது என் நாற்காலி."

"பேர் ஒண்ணும் எழுதலையே டீச்சர்..."

"எழுதியிருக்கு. எழுந்து பின்னாடி பாருங்க."

நாற்காலியின் முதுகில், கோணல்மாணலான குழந்தைக் கையெழுத்தில், 'எங்க டீச்சர்' என்றிருந்தது. அவன் சிரித்தான். மழையில் நனைந்த கண்கள்... உதட்டுக்கு முன்னாலேயே சிரித்துவிட்ட கண்கள். அவள்தான் பார்வையை முதலில் தாழ்த்தினாள்.

பிரசவ லீவில் போன மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பதிலாக வந்தவன். அன்றைக்கே 'மூணு மாச சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. பக்கத்து முக்காலிக்கு நகர்ந்தவன், தாளுக்காகக் கை நீட்டினான்.

"பதினொண்ணுதான் எடுப்போம். பத்து இங்க, ஒண்ணு லீவுல இருக்கிற டீச்சருக்குத் தபால்ல. தற்காலிக ஆளுங்களுக்குக் கிடையாது."

முகம் சுருங்கும் என்று நினைத்தாள். "பரவால்ல, உங்களதையே எட்டிப் பாத்துக்கறேன்," என்றான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரத் தாளின் மேல்பாதியில் சேதிகள்: தடுப்பூசி நாள், பயிற்சி வகுப்பு, ஒழுகும் கூரை. கீழ்ப்பாதியில் மற்றப் பள்ளிகளின் வேலை வாய்ப்புகள். ஒவ்வொரு திங்களும் இரண்டு தலைகள் ஒரே தாளின் மேல் குனிந்தன.

"ஒரு பிரதி கூட எடுத்தா மெஷின் கோவிச்சுக்குமா டீச்சர்?"

"காகிதத் தட்டுப்பாடு சார்."

அலமாரி நிறையக் காகிதம் இருந்தது. அவளுக்கு மட்டும் தெரியும்...

பன்னிரண்டாம் வாரம் அந்த அறிவிப்பு வந்தது. எங்கோ ஒரு மலைப் பள்ளியில் நிரந்தரப் பணி. ஓர் இரவு ரயில், பிறகு நான்கு மணி நேரம் பஸ். விண்ணப்பிக்கக் கடைசி நாள் வெள்ளி, மாலை ஐந்து. வழக்கம்போலத் தட்டச்சு செய்தாள். பதினொரு பிரதி எடுத்தாள். கூட்டம் தொடங்குமுன் தன் தாளின் அடியை மட்டும் உள்ளே மடித்து, மேலே தண்ணீர் பாட்டிலை வைத்தாள். மற்றவர்களால் பயமில்லை. நிரந்தர வேலையில் இருப்பவர்கள் கீழ்ப்பாதியைப் படிப்பதில்லை.

"அவ்வளவுதானா டீச்சர், இந்த வாரம்?"

"அவ்வளவுதான்."

புதன்கிழமை மதியம் கைகழுவும் குழாயடியில் அவன் சொன்னான். "வெள்ளியோட எனக்கு முடியுது டீச்சர். நாளைக்கு லீவு போட்டு நாலு ஸ்கூல் ஏறி இறங்கணும். அம்மா திங்கக்கிழமையானா வாசல்லயே நிப்பாங்க, இன்னைக்காவது வந்துச்சாப்பான்னு. டீச்சர் தாள்ல இல்லேன்னா ஊர் உலகத்துலயே இல்லம்மான்னு சொல்லிட்டேன்."

"சார்..."

மணி அடித்தது. ஈரக் கையோடு வகுப்புக்கு நடந்தாள். தப்பே இல்லாமல் தாள் போடுகிறவள் என்ற பெயர் அவளுக்கு. இந்தத் தப்பை எந்த முகத்தோடு சொல்வாள்?

பள்ளி விட்டது. அவன் போய்விட்டான். மழை பிடித்துக்கொண்டது. காலி அறையில் மெஷினைத் திறந்து இன்னும் ஒரு பிரதி எடுத்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

'அன்புள்ள சாருக்கு, கீழே கோடிட்டிருப்பது திங்கட்கிழமையே வந்தது. என் தாளின் அடியை மடித்து மறைத்தது நான்தான். வெள்ளி மாலை ஐந்துக்குள் விண்ணப்பம் நம் ஊர்க் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நாளை வேறு எங்கும் அலைய வேண்டாம், இதை எழுதுங்கள். முதல் வாரமே உங்களுக்கொரு பிரதி எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் நீங்கள் எட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களைப் பிடித்திருக்கிறது என்று சொல்லத் தைரியம் வரவில்லை, மடிக்க வந்துவிட்டது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. போய் வாருங்கள். அம்மாவிடம், வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.'

ஒரு சொட்டு விழுந்து 'அம்மா' கலங்கியது. திருத்தி எழுத மனம் வரவில்லை. தாளை மடிக்காமல் நீள உறைக்குள் முழுசாக வைத்தாள்.

அலுவலக அக்கா குடையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். மூணு மாச சார் வீட்டுத் தெருதான் அவளுக்கும்.

"அக்கா, இதை இன்னைக்கே அவர் கையில குடுத்துடுங்க."

"அழுதியாடி?"

"சாரல்க்கா."

"ஜன்னலைச் சாத்திட்டு எங்கேந்து சாரல்? சரி சரி, தபால் பதிவேட்டுல என்னன்னு எழுத?"

உறையின் வாயில் பசை தடவி, கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டினாள்.

"வாரத் தாள்னு எழுதுங்க. பன்னிரண்டாவது பிரதி."

அக்கா உறையை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, மழைக்குள் இறங்கினாள்.