மணி அடிக்கட்டும்

“இன்னிக்காவது எடுக்க விடுவியா... மாட்டியா?”

காலை ஒன்பதே முக்காலுக்கே மாமியார் ஆரம்பித்துவிட்டாள். சின்ன மருமகள் கூடத்து மூலையில் போன் இருந்த முக்காலியை ஈரத்துணியால் துடைத்தாள். ஏற்கெனவே இரண்டு முறை துடைத்தாகிவிட்டது. பிறகு பீன்ஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பாரு, காவலுக்கு உக்காந்துட்டா!”

“நமக்கெதுக்கு அத்தை வம்பு?” என்றாள் சமையலறையிலிருந்து பெரிய மருமகள். “டீச்சரம்மா எது செஞ்சாலும் ஒரு காரணம் இருக்கும். நமக்குத்தான் புரியாது.”

பெரிய மகன் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். குடிநீர் வாரியத்தில் இரண்டாம் நிலை மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமையிலும் சட்டைப் பையில் பேனா குத்தியிருப்பார். யாராவது எந்த நேரமும் கையெழுத்துக் கேட்டு வரலாம் என்று முப்பது வருஷமாகத் தயாராக இருக்கிறார். இதுவரை யாரும் வந்ததில்லை.

சரியாகப் பத்துக்கு போன் அடித்தது.

சின்னவள் தட்டைக் கீழே வைத்தாள். வலது உள்ளங்கையை ரிசீவர் மேல் பதித்து அழுத்திக்கொண்டாள்.

“என் புள்ளடீ! என் புள்ள கூப்பிடறான்... ஒரே ஒரு வார்த்தை! ‘அம்மா’ன்னு ஒரு தடவை கேட்டுட்டு வெச்சிடறேன்...”

“வேணாம் அத்தை.”

“உனக்கு அவன் மேல கோவம், சரி. வேலை போச்சு, மானம் போச்சு, எல்லாம் சரி. பெத்தவளுக்கு என்னடி கோவம்? என்னை எதுக்குடீ தடுக்கறே?”

பதினான்கு... பதினைந்து... பதினாறாவது மணியோடு நின்றது. கூடம் சட்டென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது.

“கல்லுகூட வெயில்ல கிடந்தா சுடும். நீ அதுலயும் சேர்த்தி இல்ல!” மாமியார் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னவள் கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு பீன்ஸை எடுத்து ஒவ்வொன்றாக உடைக்க ஆரம்பித்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு வரை இந்த வீட்டுச் சின்ன மகன் மண் பரிசோதனை அலுவலகத்தில் வேலை பார்த்தார். எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். உறவுக்காரர்கள் தோட்டத்து மண்ணைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்து, “ரோஜா வைக்கிறோம், வர மாட்டேங்குது. கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்” என்பார்கள். அவரும் வாங்கி வைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்து, “சுண்ணாம்புச் சத்து போதலை” என்று சொல்வார். எல்லோருக்கும் அதே பதில்தான். நாலைந்து வீட்டில் ரோஜா பூக்கவும் செய்தது.

உண்மையில் அவர் உளவுத்துறை அதிகாரி. மூன்றாவது மாடி அறையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அடுத்தவர் போனில் பேசுவதைக் கேட்பது வேலை. ஆரம்பத்தில் கெட்டவர்கள் பேசுவதைக் கேட்டார்கள். பிறகு கெட்டவர்களாக மாறக்கூடியவர்கள் பேசுவதை. கடைசியில் யாரை விடுவது என்று தெரியாமல் எல்லோரையும் கேட்டார்கள். நீதிமன்ற உத்தரவு என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஒருநாள், கேட்க வேண்டிய நம்பர்களின் பட்டியலில் தன் வீட்டு நம்பரையே பார்த்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் முழுவதையும் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டு நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

பட்டியல் பேப்பரில் வந்த அன்று ஊரே கொதித்தது. எதிர்வீட்டு வக்கீல்தான் மிக அதிகமாகக் கொதித்தார். அவர் நம்பர் அதில் இல்லை. “முப்பது வருஷமா அரசாங்கத்தைத் திட்டிட்டிருக்கேன் சார்! என்னை ஒரு பொருட்டாவே மதிக்கலையே!”

பெரியவர் முதல் வாரமே, ‘அன்னாருக்கும் எனக்கும் எவ்வித ஒட்டும் உறவும் இல்லை’ என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, தம்பியின் படத்தைக் கழற்றினார். மூன்றாவது மாதம் வெளிநாட்டுப் பத்திரிகைகள் தம்பியை வீரர் என்று எழுதியதும் படம் திரும்ப ஏறியது. அரசாங்கம் துரோகி என்றதும் இறங்கியது. ஆணி மட்டும் நிரந்தரமாகச் சுவரில் இருந்தது.

சின்னவள் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சராக இருந்தாள். “கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள்” என்று அங்கே அன்பாகச் சொன்னார்கள். அந்த அன்பைக் கடிதத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள்.

கணவர் போன அன்று காலை, குளியலறைக் குழாயை முழுவதும் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அவள் காதோடு சொன்னது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அடிப்பேன். அடிச்சா உயிரோட இருக்கேன்னு அர்த்தம். எடுத்துடாதே. ஒரு நிமிஷம் பேசினா போதும், எந்த ஊரு எந்தத் தெருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. வெறும் மணியை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அந்த ஒரு நிமிஷக் கணக்கைப் போட்டுக் குடுத்ததே நான்தான்.”

“அத்தைகிட்ட மட்டுமாவது சொல்லிடட்டுமா?”

“அம்மா வாயில என்ன நிக்கும்? காய்காரரைப் பார்த்தாலே எல்லாத்தையும் கொட்டி அழுதுடுவாங்க. நாம பேசி வெச்சிருக்கோம்னு தெரிஞ்சா உன்னையும் உள்ள வெச்சிடுவாங்க. நீ என் மேல கோவமா இருக்கேன்னு எல்லாரும் நம்பணும்... திட்டுவாங்க. தாங்கிப்பியா?”

“ம்” என்றாள். குழாய்ச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

மணி அடிக்கும்போது ரிசீவர் லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் உள்ளங்கையில் ஏறி மணிக்கட்டு வரைக்கும் வரும். வாரத்துக்கு ஒருமுறை அவர் அவளைத் தொட்டது அவ்வளவுதான். இருபது மணி அடித்த வாரம் அவருக்கு மனசு சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள். ஒன்பதோடு நின்றுவிட்டால் அடுத்த ஞாயிறு வரைக்கும் தூக்கம் வராது. முகம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குரல்தான் தேய்ந்துகொண்டே வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தள்ளும்போது, தன் பேரை அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள். சரியாக வராது.

மாதம் ஒரு தடவை துறையிலிருந்து ஒருவர் வருவார். எதைச் சொன்னாலும் “மன்னிக்கணும்” என்றுதான் தொடங்குவார். வீட்டில் அதுவே அவர் பெயராகிவிட்டது.

“மன்னிக்கணும், ஒரு நிமிஷம் பேசினா என்னம்மா குறைஞ்சுடும்? பாவம், அவரும் எங்கயோ தனியா...”

“எனக்கு அவர்கிட்டப் பேச ஒண்ணுமில்லை.”

குரல் உடையாமலிருக்க ஒரு கால் கட்டைவிரலால் இன்னொரு காலை அழுத்தி மிதித்துக்கொள்வாள். மன்னிக்கணும் குறித்துக்கொண்டு எழுந்திருப்பார். வாசல்வரை பெரியவர் கூடப் போவார். போன மாதம் வாசலில் மன்னிக்கணும் ரொம்ப நேரம் நின்றார். “மன்னிக்கணும், உங்களை மாதிரி ஒருத்தர் இன்னும் ரெண்டாம் நிலையிலயே இருக்கறது... நாட்டுக்கே நஷ்டம் சார்.” பெரியவருக்கு இந்தச் சந்தேகம் வெகுநாளாக உண்டு.

அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்குச் சலவைக் கடைக்காரர் ஆளனுப்பினார். நாற்பது கறுப்புக் கோட்டுகள், அவசரம். யாரோ பெரிய இடத்து விழாவாம். ஒன்பதுக்குள் முடித்துவிடலாம் என்று போனாள். முப்பத்தெட்டாவது கோட்டை மடித்தபோது இன்னொரு மூட்டை வந்து இறங்கியது.

“இது எங்கேருந்து?”

“அதே இடம்தாம்மா. உங்க கையாலதான் போடணும்னு சொல்லிவிட்டாங்க.”

அவள் ஒரு கோட்டின் உள்பக்கத்தைப் புரட்டினாள். கழுத்துப் பட்டையில் துறையின் முத்திரை தைத்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்தெட்டு.

“அம்மா! இஸ்திரிப் பெட்டி! கோட்டு தீயுது!”

அவள் அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். செருப்பு ஒன்று கழன்றது. எடுக்கவில்லை. தெருமுனை திரும்பும்போது மணிச் சத்தம் கேட்டது. நாலு... ஐந்து... ஆறாவது அடிக்கும்போது பாதியில் அறுந்தது.

உள்பக்கம் தாழிட்டிருந்த கதவைத் தட்டித் திறக்கவைத்து அவள் உள்ளே நுழைந்தபோது மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தாள். ரிசீவர் போன் மேல் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. கிழவியின் கை அதன் மேலேயே இருந்தது.

“நானே வெச்சேன்டீ...” என்றாள். “என் கையாலயே வெச்சேன்.”

“அத்தை...”

“அம்மான்னான். ‘உன் பொண்டாட்டி எடுக்கவே விட மாட்டேங்கறாடா, பாவி’ன்னேன். ‘அவளைத் திட்டாதேம்மா, எடுக்க வேணாம்னு சொன்னதே நான்தான். எடுத்தா என்னைப் பிடிச்சிடுவாங்க’ன்னான்... ‘ஐயோ, அப்ப வெச்சிடுடா’ன்னேன். வெக்கலடீ! ‘பரவால்லம்மா, கால் வலி எப்படி இருக்கு’ன்னு கேக்கறான்! வெச்சிடுடா வெச்சிடுடான்னு கத்தறேன்... ‘மாத்திரை சாப்பிடறியா’ங்கறான்... நானே வெச்சேன்!”

“ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு” என்றார் பெரியவர்.

யாரும் அவரைக் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றவர், வாய் தவறிச் சொல்லிவிட்டார். கூடத்தில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளி மறைத்தார்.

“நீதானேடா எடு எடுன்னே!” மாமியார் குரல் கிழிந்தது. “அவ இல்ல, இப்ப எடும்மான்னு நீதானே கையில குடுத்தே!” பிறகு சின்னவளின் காலைப் பிடிக்கக் குனிந்தாள். “என்னை அடிடீ! மூணு வருஷமா வாய்க்கு வந்தபடி பேசினேனே... ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னியா! என் புள்ளைய நானே பிடிச்சுக் குடுத்துட்டேனே!”

சின்னவள் அவளைத் தடுத்துத் தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவோ கேட்டிருக்கலாம். அவள் வாயில் வந்தது ஒன்றுதான்.

“குரல் எப்படி இருந்துச்சு அத்தை?”

மாமியார் நிமிர்ந்து பார்த்தாள்.

“மாறிடுச்சா? இருமல் இருந்துச்சா? சொல்லுங்க அத்தை... அப்படியே சொல்லுங்க... எப்படி அம்மான்னார்?”

கிழவி சொல்லிக் காட்ட முயன்றாள். வரவில்லை. மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். சமையலறை வாசலில் நின்ற பெரிய மருமகளும் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பீன்ஸ் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

நாலாம் நாள் அவரைப் பிடித்துவிட்டார்கள். விமானத்தில் கொண்டுவந்தார்கள். வழக்கு நடந்தது. ஏழு வருஷம் என்றார்கள். ‘நாட்டின் காதை அறுத்தவர்’ என்று அரசு வக்கீல் ஒன்றரை மணி நேரம் முழங்கினார். கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு வக்கீல், தன் நம்பரையும் சேர்த்திருந்தால் இலவசமாகவே இவருக்கு வாதாடியிருப்பேன் என்று வெளியே வந்து சொன்னார். பெரியவரின் பதவி உயர்வு வரவில்லை. விசாரிக்கலாம் என்று கூப்பிட்டால் மன்னிக்கணும் இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை.

தீர்ப்பு வந்த மறுநாள் மாமியார் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு சின்னவளோடு கிளம்பினாள். சலவைக் கடை மாடியில் ஓர் அறை.

“அம்மா! ஊர் என்ன சொல்லும்?” என்றார் பெரியவர்.

“ஊர் என்ன பேசுதுன்னு கேக்கத்தானே உங்க ஆளுங்க காதுல மாட்டிட்டு உக்காந்திருக்காங்க? அவங்களையே கேட்டுக்கோ.”

பார்க்க அனுமதி வர நாலு மாதமாயிற்று. ஒரு ஆள், பதினைந்து நிமிஷம். சின்னவள் படிவத்தில் மாமியார் பெயரை எழுதினாள். சிறை வாசலில் மாமியார் அதை வாங்கிப் பார்த்தாள். வாசல் காவலரிடம் பேனா கேட்டாள். தன் பெயரை அடித்துவிட்டு, நடுங்கும் எழுத்தில் மருமகள் பெயரை எழுதினாள்.

“அத்தை, நீங்கதான் முதல்ல...”

“நான் கேட்டாச்சு. நீ இன்னும் கேக்கவே இல்லையேடீ.” முதுகில் கைவைத்துத் தள்ளினாள். “போ. எனக்கு அடுத்த தடவை.”

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் வந்து உட்கார்ந்தார். தலையில் முடி பாதி இல்லை. சட்டை தோளில் நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு காவலர், பேசுவதை எழுதிக்கொள்ள நோட்டைப் பிரித்து வைத்திருந்தார். முதல் இரண்டு நிமிஷம் அவருக்கு வேலையே இல்லை.

“ஏன் வெக்கலை?” என்றாள் கடைசியில். கோபமாகத்தான் கேட்டாள். “அத்தை எடுத்ததும் ஏன் போனை வெக்கலை? கணக்குப் போட்டவரே நீங்கதானே! நான் மூணு வருஷம்... எவ்வளவு பேச்சுக் கேட்டு... எல்லாத்தையும் ஒரே நாள்ல...”

“வெக்கணும்னுதான் நினைச்சேன்.” அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மூணு வருஷமா மணியை மட்டும் கேட்டுட்டிருந்தேன். அந்தப் பக்கம் நீ இருக்கேன்னு தெரியும். திடீர்னு மணி நின்னு ஒரு குரல் வந்தது... கை வரலை.”

“நானா இருந்தா?”

“நீ எடுத்திருக்க மாட்டே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றுதான் ஆரம்பித்தது. அவர் கம்பிக்குள் விரலைவிட்டார். காவலர் செருமினார். விரல் பின்வாங்கியது.

“என்னென்னவோ சொல்லணும்னு வெச்சிருந்தேன்” என்றார். “ஒண்ணும் ஞாபகம் வரலை.”

“எதையாவது பேசுங்க. எது வேணா பேசுங்க. நான் கேக்கணும்.”

அவர் யோசித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். காலையில் ரொட்டி கல் மாதிரி இருக்கிறது. பக்கத்து அறைக்காரர் தூக்கத்தில் பாடுகிறார், அதுவும் பாதிப் பாட்டு, மீதியைத் தானே முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போர்வை நீளம் போதவில்லை. ஜன்னலில் ஒரு பல்லி... அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது. மற்றபடி அதே குரல்தான். ஒவ்வொரு வாக்கியக் கடைசியிலும் கொஞ்சம் தாழ்ந்து போகும். அதைத்தான் அவளால் இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்க்க முடியாமல் போயிருக்கிறது.

காவலர் வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு, ‘குறிப்பிடும்படி எதுவும் பேசவில்லை’ என்று எழுதிவிட்டு நோட்டை மூடினார்.

“அம்மா, நேரமாச்சு. எழுந்திரிங்க.”

“இருங்க” என்றாள் கண்ணைத் திறக்காமல். “அவர் இன்னும் முடிக்கலை.”