சென்னியப்பன் அடித்த சொல்

நாயின் வலியை அளக்கும் நோவுமானியின் முள் பூஜ்யத்தில் நின்றது. பூஜ்யம் என்றால் நாய் பந்தயத்தில் ஓடலாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது, நாசமாய்ப் போன சட்டம்.

"பூஜ்யம் கிடக்கட்டுமுங்க, இதைப் பாருங்க" என்று எக்ஸ்ரே படத்தை நீட்டினாள் கால்நடை மருத்துவர் மரகதமணி. "முன்னங்கால் எலும்புல கீறல் விட்டிருக்கு. வளைவுல திரும்பினா முறிஞ்சிரும். தோட்டாவை இன்னைக்கு ஓட விடாதீங்க."

சென்னியப்பன் படத்தைத் தொடக்கூட இல்லை. சூலூர் பந்தயத் திடல் அவருடையது. தோட்டா என்ற அந்தச் சாம்பல் நிற கிரேஹவுண்டும் அவருடையது. பந்தய நாய் உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவரும் அவரேதான். அப்புறம் யார் கேட்பது?

"ஏனுங்க அம்மிணி, வாலை ஆட்டிட்டு நிக்குது. இது நோவுல இருக்கிற நாயா?"

"நோவடைப்பானை வெச்சுட்டா எப்படிங்க நோவும்?"

நோவடைப்பான் ஓர் அரிசி அளவுதான் இருக்கும். பிடரித் தோலுக்கு அடியில் வைத்துவிட்டால் வலி மூளைக்குப் போய்ச் சேராது. பந்தய நாய்களை வதைக்கிறார்கள் என்று ஊரே கூச்சல் போட்டபோது, அந்த வாயில்லாத ஜீவன்களுக்காகச் சங்கம் கொண்டுவந்த கருணை அது. கருணையாம், கருணை!

சட்ட வரைவில் முதலில் 'காயம் உள்ள நாய் ஓடக் கூடாது' என்றுதான் இருந்தது. சென்னியப்பன் சென்னைக்கு நடையாய் நடந்து, 'காயம்' என்ற ஒரே ஒரு சொல்லை அடித்துவிட்டு 'நோவு' என்று போட வைத்தார். காயத்தை யாரும் கண்ணால் பார்க்கலாம். நோவைக் கருவிதான் சொல்ல வேண்டும். கருவியின் வாயை அடைக்கத்தான் அவரிடம் நோவடைப்பான் என்ற அரிசி இருந்ததே!

அரசுக்கும் அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. மனிதர்களுக்கான அவசர ஊர்திச் சட்டத்திலும் அதையே எழுதிவிட்டார்கள். ஆளில்லா ஊர்தி வரும், நோவை அளக்கும், நோவு இருந்தால்தான் ஏற்றிக்கொள்ளும். அதைப் பற்றிச் சென்னியப்பனுக்கு என்ன கவலை? இடுப்பு வலிக்கென்று தன் பிடரியிலும் ஓர் அரிசியை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி நடமாடினார்.

"அக்கட்டால தள்ளி நில்லுங்க அம்மிணி. நேரமாச்சு."

இயந்திர முயல் சீறிக் கிளம்பியது. நாய்கள் அதன் பின்னால் பாய்ந்தன. இரண்டாம் வளைவில் தோட்டாவின் கால் முறிந்தது. கம்பிவேலி ஓரம் நின்ற மரகதமணிக்கு அந்தச் சத்தமே கேட்டது. நாய்க்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. முறிந்த காலையும் ஊன்றி ஊன்றி ஓடி, முதலாவதாக வந்து, எலும்பு வெளியே தெரிய வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கூட்டம் விசிலடித்தது. பாவிகள்! எலும்பைப் பார்த்த பிறகும் விசிலடித்தார்கள்.

மரகதமணி அழுதுகொண்டே ஓடினாள். தோட்டாவைத் தரையில் கிடத்தி ரத்தத்தை நிறுத்தப் பார்த்தாள். அது அவள் கையை நக்கியது.

சென்னியப்பன் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மேடையிலிருந்து இறங்கினார். கடைசிப் படியைக் கவனிக்கவில்லை. விழுந்தார். உடனே எழுந்து, வெட்கத்தை மறைக்கச் சிரித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார். எல்லாரும் ஏன் தன் காலையே பார்க்கிறார்கள் என்று குனிந்தார். வலது பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. வேட்டி சிவந்துகொண்டே வந்தது.

யாரோ அழைக்க, ஊர்தி வந்தது. அதன் இயந்திரக் கை அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது.

"நோவு பூஜ்யம். நலமாக இருக்கிறீர்கள். மகிழ்ச்சி."

கதவு சாத்திக்கொண்டது.

"அட கருமம் பிடிச்ச வண்டி! ரத்தம் கொட்டுதே, கண்ணு தெரியலையா?" என்று கத்தினார். அதற்குள் வண்டி திடலைத் தாண்டிவிட்டது. அவருக்குத் தலை சுற்றியது. தோட்டாவின் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"அம்மிணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதைத் திரும்பக் கூப்பிடுங்க. எனக்குக் காயம்னு சொல்லுங்க!"

மரகதமணி நிமிரவில்லை. நாயின் காலில் கடைசிக் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காயம்னா அதுக்குத் தெரியாதுங்க" என்றாள். "நீங்கதானே அந்தச் சொல்லை அடிச்சீங்க."