பார்வைச்சுவரில் ஒரு சிவப்புக் கட்டம்

செண்பகவல்லி தன் போஸ்டரைத் தாண்டிப் போன ஒருவரின் கையைப் பிடித்து இழுத்தேவிட்டாள்.

"சார், ஒரே நிமிஷம். வலது மூலைல சிவப்புக் கட்டம் தெரியுதா? அதை மட்டும் படிச்சிட்டுப் போங்க."

'கிணிங்' என்றது சுவர். போஸ்டரின் உச்சியில் மஞ்சள் எழுத்து ஓடியது: தூண்டிய பார்வை. கணக்கில் சேராது.

அவர் கையை உதறிக்கொண்டு நகர்ந்தார். சிவப்புக் கட்டம் இன்னும் ஒரு விரற்கடை சுருங்கியது. காலையில் கதவு அகலத்துக்கு இருந்தது. இப்போது, மதியம் இரண்டரைக்கு, ஒரு தபால் அட்டை. நான்கு மணிக்குச் சுவர் உறைந்துவிடும்.

தூத்துக்குடி மாநாட்டு அரங்கில் அன்று நானூறு போஸ்டர்கள். காகிதத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் உயிர்த்திரைகள். ஓரங்களில் கடுகு கடுகாக விழியளவிகள். பார்ப்பவரின் கண் எங்கே தங்குகிறதோ அந்த இடம் வளரும். எதை விட்டு விலகுகிறதோ அது தேயும். நான்கு மணிக்கு எது மிஞ்சுகிறதோ அதுதான் ஆய்வின் முடிவு. அது அப்படியே அரசுத் துறைகளுக்குப் போகும். ஐம்பது பக்க அறிக்கையை யார் படிக்கிறார்கள் என்று எல்லோரும் சலித்துக்கொண்ட காலத்தில் வந்த ஏற்பாடு இது. இப்போது அறிக்கை எழுதுவாரே இல்லை.

செண்பகவல்லியின் ஆய்வு 'குளிர்வில்லை' என்ற மாத்திரை பற்றியது. நாக்குக்கு அடியில் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும், நாற்பத்தெட்டு டிகிரி வெயிலிலும் உடம்புக்குச் சூடு உறைக்காது. உப்பளத் தொழிலாளர்கள் நூற்று நாற்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்தாள். மூன்று மாதம் ஒருவர்கூட மயங்கி விழவில்லை. நான்காவது மாதம்தான் விஷயம் தெரிந்தது. சூடு உறைக்காத உடம்புக்குத் தாகமும் எடுக்கவில்லை. தண்ணீர் குடிக்க மறந்தே போனார்கள். பதினொரு பேருக்குச் சிறுநீரகம் போயிற்று.

அதைத்தான் சிவப்புக் கட்டம் சொன்னது. 'தொண்ணூறு நாளுக்கு மேல் தரவே கூடாது. 140 பேரில் 11 பேருக்குச் சிறுநீரகம் பழுது.'

கட்டம் பிழைத்தால் மாத்திரை நிற்கும். கட்டம் அழிந்தால் நாளைக் காலை நாற்பதாயிரம் உப்பளத் தொழிலாளர்களின் கையில் மாத்திரை, வருஷம் பூராவும்.

"மேடம், போட்டோ பெருத்துக்கிட்டே போகுது," என்றான் அவளுடைய ஆய்வு உதவியாளன் இசக்கிராஜா.

உப்புக் குவியல் மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள் பேச்சித்தாய். முதல் மாதத்தில் எடுத்த படம். அதைத் தேர்ந்தெடுத்ததும் செண்பகவல்லிதான். முன்னூறு சொல்லுக்கு மேல் போகாதே, ஆறடி தள்ளி நின்றாலும் படிக்க முடிய வேண்டும், ஒரு மனித முகமாவது இருக்க வேண்டும் என்று எட்டு வருஷமாக மாணவர்களுக்கு அவள் கற்றுக்கொடுத்த பாடம். முகம் இருந்தால் ஆட்கள் நிற்பார்கள்.

நின்றார்கள்.

"என்னா சிரிப்பு பாத்தியா! உப்பு மாதிரியே பல்லு," என்றது ஒரு குரல்.

"நம்மூர் பிள்ளைல்லா," என்றது இன்னொன்று.

பேச்சித்தாய் இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரத்தச் சுத்திகரிப்புக்குப் படுத்திருக்கிறாள். பதினொன்றில் அவளும் ஒருத்தி.

செண்பகவல்லி போய்ப் படத்துக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். சுவர் முகத்தை ஒன்றரை அடி இடப்பக்கம் நகர்த்தியது. அவளும் நகர்ந்தாள். முகம் அவள் தலைக்கு மேலே ஏறிச் சிரித்தது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள், இதுவும் ஒரு வித்தை என்று நினைத்து.

அரங்கின் கோடியில் சுவரைப் பராமரிக்கும் பர்வீனிடம் ஓடினாள்.

"பர்வீன், அந்தப் படத்தை மட்டும் எடுத்துரும்மா."

"திறந்த பெறகு யாரும் கை வைக்க முடியாதுக்கா. நான் கண்ணாடி தொடைக்கிற ஆளு. சுவரு சொல்றதத்தான் நான் கேக்கணும்."

"ஆள் செத்துருவாங்கடி!"

பர்வீன் துடைப்பதை நிறுத்தினாள். "இம்புட்டு பெரிய சமாச்சாரத்த நல்லாப் பெருசாப் போட்டிருக்கலாம்லக்கா?"

"கதவு அகலத்துக்குப் போட்டேன்."

பர்வீன் மறுபடி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

நான்கு மணிக்கு மணி அடித்தது. நானூறு திரைகளும் ஒரே நேரத்தில் உறைந்தன. செண்பகவல்லியின் போஸ்டரில் மிஞ்சியது ஒரு சிரித்த முகமும் ஒரே ஒரு வரியும்தான்: குளிர்வில்லை போட்டால் மயக்கம் இல்லை. அதன் மேல் தங்க எழுத்தில் 'முதலிடம்' என்று மின்னியது. மாலை போட ஒரு கூட்டமே வந்தது. அவள் மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு தேநீர்ப் பக்கம் ஓடினாள். தொழிலாளர் நல இயக்குநர் ஞானதுரை மாத்திரை வழங்கும் ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரோஸ் கலர் கேக்கைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நிறுத்துங்க. நாலாவது மாசம் கிட்னி போகுது. பதினொரு பேருக்குப் போயிருச்சு."

"என்னம்மா சொல்றீங்க?" அவர் முகம் நிஜமாகவே வாடியது. "போஸ்டர்ல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா."

"இருந்துச்சு சார். சுவர் தின்னுருச்சு."

"அய்யய்யோ. என் கண்ணுல பட்டிருந்தா நான் கையெழுத்துப் போடுவேனா? கோச்சுக்காதீங்க, டாக்டரம்மா, உங்க டிசைன்லதான் கோளாறு. எடுப்பா இருந்தாத்தானே பார்வை போகும்?"

"இப்ப வாயால சொல்றேனே சார். காதால கேளுங்க."

"கேட்டுட்டேன். ஆனா காதுக்கு ஏதும்மா பதிவு?" அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் வேற போஸ்டர் போடுங்க. நானே முதல் ஆளா வந்து பாக்கேன்."

அடுத்த வருஷம். நூற்று நாற்பதுக்குப் பதினொன்று என்றால் நாற்பதாயிரத்துக்கு எத்தனை என்று அவள் மனம் கணக்குப் போட்டு, பாதியில் நின்றுவிட்டது.

வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தபோது இசக்கிராஜா வந்தான். கையில் விழிப்பதிவுத் தாள். சுவர் உறைந்த பிறகு, அடுத்த தடவை நன்றாகச் செய்யட்டும் என்று, போஸ்டர் வைத்தவர்களுக்குக் கொடுப்பது.

"எங்கே தப்பு பண்ணேன், இசக்கி? சிவப்புக்குப் பதிலா நீலம் போட்டிருக்கணுமோ? மேல வச்சிருக்கணுமோ? எத்தனை பேர்தான் பாத்தாங்க? ஒருத்தராவது?"

அவன் தாளை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

அவள் படித்தாள்.

'சிவப்புக் கட்டம் படிக்கும் அளவில் இருந்தபோது வந்தவர்கள்: 312. முதல் பார்வையே கட்டத்தில் விழுந்தவர்கள்: 312. முழுவதும் படித்தவர்கள்: 312. படித்தபின் மறுபடி அந்தப் பக்கம் திரும்பியவர்கள்: எவரும் இல்லை. வடிவமைப்பு: மிகச் சிறப்பு. சுவரின் முடிவு: பார்வையாளர் விரும்பாத பகுதி. நீக்கப்பட்டது.'

அடியில், வந்தவர்களின் பெயர்ப் பட்டியல். அவள் விரல் ஒரு வரியில் நின்றது.

'காலை 9.40. ஞானதுரை, இயக்குநர், தொழிலாளர் நலம். கண்ணை எடுக்காமல் இரண்டு முறை படித்தார்.'