பிடரியில் ஒரு கை

அருங்காட்சியகத்தில் நாற்காலியில் உட்காருவது என் வேலை. கேட்கச் சிரிப்பாக இருக்கும். பதினாறு வருடம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். மூன்றாம் கூடத்து வாசலில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு, எவரும் எதையும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலைகளையும் ஓவியங்களையும் காத்தவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆட்களைக் காக்கச் சொன்ன நாளில்தான் சனி பிடித்தது.

எங்கள் கூடத்தில் கண்காட்சியாக ஒரு நடனம் வைத்தார்கள். அதற்கு மேடை கிடையாது, பாட்டும் கிடையாது. வெள்ளைச் சுவர், மரத்தரை, தலைக்கு மேல் கண்ணாடிக் கூரை, அவ்வளவுதான். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தரையில் புரண்டு, வளைந்து, வாசலிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் இரண்டு மணி நேரம் ஊர்ந்துகொண்டே போவாள். ஜனங்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். நேரம் முடிந்ததும் அடுத்தவள் ஓசைப்படாமல் வந்து அவள் பிடரியில் உள்ளங்கையை வைப்பாள். கை விழுந்தால்தான் எழுந்திருக்கலாம். எழுந்தவள் கண்ணைத் திறக்காமல், திரும்பாமல், உடைமாற்றும் அறைக்குப் போய்விட வேண்டும். திறந்திருக்கும் நேரத்தில் தரை ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்கக்கூடாது.

"கை விழாம எழுந்திரிக்கக் கூடாது, செத்தாலும்" என்பார் நடன அமைப்பாளர். எல்லோரும் சிரிப்பார்கள்.

போன வருடம் நெட்டை செத்தாள்.

ஆடியவர்களில் ஒருத்திக்கு, அவள் உயரத்தைப் பார்த்து நான் வைத்த பெயர் அது. மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வருவாள். "கண்டுக்காதீங்க அக்கா, வாசம் ஒரு மணி நேரத்துல போயிடும்" என்பாள். அன்று அவளை மாற்ற வேண்டியவளின் பேருந்து தாமதம். இரண்டு மணி நேரம் தாண்டியும் நெட்டை தரையில் இருந்தாள். திடீரென்று அவள் குதிகால் தரையில் அடிக்க ஆரம்பித்தது. டக். டக். டக். ஜனங்கள் கைபேசியைத் தூக்கினார்கள். ஒருவர் மட்டும் மண்டியிட்டு, "இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கே" என்று கை நீட்டினார்.

"தொடக்கூடாது சார். இதுவும் நடனம்தான்" என்றேன் நான்.

அப்போது அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கண் திறப்பது விதிமீறல். புகார் எழுத வேண்டுமே என்று கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டேன். அதன் பிறகு இருபத்திரண்டு நிமிடம் கழித்துத்தான் மாற்றுக்காரி வந்து பிடரியில் கை வைத்தாள். வைத்த கையை அலறிக்கொண்டு எடுத்தாள்.

விசாரணையில் நான் விதிப்படி நடந்ததாக எழுதினார்கள். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஒளிப்பானேன்?

இந்த வருடம் அதே நடனம் திரும்ப வந்தது. நெட்டையின் இடத்துக்கு அமைப்பாளர் தேர்ந்தெடுத்தது என் மகளை. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். இருபத்து மூன்று வயது, பிடித்தால் பிடித்த பிடி. வேண்டாம் என்று நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

"அம்மா, உன் நாற்காலியை விட்டு நீ எழுந்திரிக்கக் கூடாது. என் மானத்தை வாங்கிடாதே" என்றாள்.

மூன்றாம் நாள், பகல் பதினொன்றரை மணி. கூரை வழியாக வெயில் தரை முழுக்க விழுந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் கூடத்தின் நடுவில் முட்டி போட்டு, நெற்றியைத் தரையில் வைத்திருந்தாள். அவளை மாற்ற இன்னும் அரை மணி இருந்தது.

முதலில் தைல வாசம் வந்தது.

வந்திருப்பவர்களில் யாராவது பூசியிருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு சத்தம். டக். டக். மகளின் கால் அசையவில்லை. யார் காலும் அசையவில்லை.

மகளின் பிடரி அமுங்கியது.

அருகில் யாரும் இல்லை. ஆனால் நான்கு விரல் அழுந்தினால் சதை எப்படிக் குழியுமோ அப்படிக் குழிந்தது. என்னால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

அவள் எழுந்தாள். கண்ணைத் திறக்காமல், திரும்பாமல், என்னைத் தாண்டி நடந்து போனாள்.

தரை காலி. மாற்றுக்காரியை அவசரமாகக் கூப்பிட்டார்கள். பாதி பின்னிய தலையோடு ஓடி வந்தவள் நடுவில் முட்டி போட்டதும் துள்ளி எழுந்தாள்.

"தரை சுடுது. இங்க யாரோ இருக்காங்க" என்று கிசுகிசுத்தாள். அதற்குமேல் அவளை அந்தத் தரையில் யாராலும் இறக்க முடியவில்லை. மற்றவர்களும் மாட்டேன் என்றார்கள்.

சாயங்காலம் மகளோடு பேருந்தில் வீட்டுக்குப் போனேன். இறங்கும்போதுதான் பார்த்தேன், காலையில் பாதம் வரை இருந்த கால்சட்டை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. வீட்டு நிலைப்படியில் அவள் தலை இடித்தது. அந்த வாசலில் அவளுக்கு ஒரு நாளும் தலை இடித்ததில்லை.

விளக்கைப் போடக் கை வைத்தேன்.

"வேண்டாங்க அக்கா" என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். "என் பொண்ணு எங்கடி?"

"தரையில. எவ்வளவு நேரந்தான் அக்கா நானே இருக்கறது? ஒரு வருஷம் ஆச்சு, யாரும் வந்து என்னை மாத்தல. அதான் நானே வந்துட்டேன்."

"அவளை விட்டுடு. அவ என்ன பண்ணினா உன்னை?"

"ஒண்ணும் பண்ணல. நல்ல பொண்ணு. கை விழாம எழுந்திரிக்கவே மாட்டா." என் மகளின் வாயால் சிரித்தாள். "போய்த் தொடுங்க. உங்களுக்குத்தான் தொடவே பிடிக்காதே!"

மறுநாள் கூடம் திறந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேன். சீருடையோடு, ஐம்பத்தாறு வயது முட்டிகளோடு, அந்தத் தரையில் இறங்கினேன். பெற்ற வயிறு வெட்கம் பார்க்காது. மரத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். சில்லென்றிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிச் சில்லென்றிருந்தது. பிறகு ஓரிடத்தில் இளஞ்சூடு. காய்ச்சல் வந்த குழந்தை படுத்திருந்த பாயை அவள் எழுந்ததும் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி.

"கண்ணு, அம்மா வந்திருக்கேன்" என்று கையை நீட்டினேன். காற்று. சூடு ஒரு முழம் நகர்ந்திருந்தது. அவள் நடனத்தை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விதி பிசகாமல், வாசலிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஊர்ந்துகொண்டிருந்தாள். நான் பின்னாலேயே ஊர்ந்தேன். வாய்விட்டு அழுதேன்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்துக் கூடத்துக் காவலாளி என்னைத் தூக்க ஓடி வந்தார். நடன அமைப்பாளர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க. தொடாதீங்க. பிரமாதமா வருது."

யாரோ கை தட்டினார்கள்.

இன்றோடு ஒன்பது நாள். என் முட்டி இரண்டும் தோலுரிந்துவிட்டன. காவல் வேலையை நிறுத்திவிட்டு, அமைப்பாளர் என் பெயரை நடனக்காரர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார். வீட்டுக்குப் போனால் அவள் என் மகளின் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறாள், பாதம் இரண்டும் விளிம்பைத் தாண்டித் தொங்க. இரண்டு நாளில் கண்காட்சி முடிகிறது. அதற்குப் பிறகு இந்தத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடப்போகிறார்களாம். அதற்குள் அந்தப் பிடரி என் கைக்கு அகப்பட வேண்டும்.

இன்று மாலை கூடம் மூடும் நேரத்தில் வாசல் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். பார்வையாளர்கள் கருத்து எழுதும் நோட்டு விரித்தபடி கிடந்தது. கடைசியாக ஒரு பெண் எழுதியிருந்தாள். மை இன்னும் காயவில்லை.

"இரண்டு பெண்கள். மூத்தவர் அழுதுகொண்டே தேடுகிறார். இளையவர் அவருக்கு முன்னால் நின்று நின்று, கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்துக் காத்திருக்கிறார். மூத்தவரின் கை ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை தள்ளியே விழுகிறது. இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. எத்தனை நாள் ஒத்திகையோ! இருவருக்கும் பாராட்டுகள்."