ரெங்கம் கிளப்பின் மூன்று இசைத்தட்டுகள்

சந்திரமதி கடைக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வியே சண்டைக்கு இழுப்பதுபோல் இருந்தது.

"பாய், பொய் சொல்றவன் மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவீங்கன்னு ஊரெல்லாம் பேசுறாங்களே, அது நெசமா, இல்ல சும்மா கதையா?"

லியாக்கத் அலி அளந்துகொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். ஜொகூர் பாருவில் பல வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, இப்போது ரெங்கம் ரயிலடியில் துணிக்கடை நடத்துகிறவர். "பாதி கதைம்மா. நிறைமாசமா இருக்கீங்க, முதல்ல உக்காருங்க," என்றார்.

"உக்கார எங்க நேரம்? நாளைக்குக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணுமாம். எங்க வீட்டுக்காரர் மனோகரன் தோட்டத்துல கணக்கெழுதுற சின்னக் கிராணி. செய்யாத குத்தத்தை அவர் தலையில கட்டிட்டான் அந்தச் சதாசிவம். பிள்ளைய ரயில் மேடையிலயா பெத்துக்கணும் நான்?"

உள்ளேயிருந்து ஆதம் பாய்ந்து வந்தான். லியாக்கத் அலியின் மச்சினன். அவர் எவ்வளவு நிதானமோ அவ்வளவு அவசரம் அவனுக்கு. "பெரிய கிராணியா? அந்த ஆளா? வாங்க மச்சான், இப்பவே போலாம்!"

சதாசிவத்தைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால், நேரத்துக்கு வேலைக்குப் போவார் என்று சொல்லலாம். மற்றபடி தோட்டத்தில் அவர் திட்டாத ஆள் கிடையாது. கிராணிமார் கிளப்புக்கும் அவர்தான் தலைவர். கிளப்பின் கிராமபோனில் கச்சேரித் தட்டுகளைத் தவிர வேறு எதுவும் சுழலக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இளவட்டங்கள் விடவில்லை. சிங்கப்பூரில் சீனன், மலாய்க்காரன், வெள்ளைக்காரன் எல்லோரும் ஜாஸ் கேட்கிறான், நாம் மட்டும் என்ன பாவம் செய்தோம் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் மனோகரனை அனுப்பி வைத்தார்கள். அவன் சிங்கப்பூர்க் கடையில் ஒரு பகல் முழுக்க நின்று கேட்டு, ஆறு ஜாஸ் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். கிளப்பில் போட்டுக் கேட்டு, பிடித்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தரலாம் என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். பாட்டைவிடச் சண்டைதான் சத்தமாக இருந்தது. சதாசிவம் அதைக் குரங்குக் கூத்து என்றார். மனோகரனுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க நாகஸ்வரத் தட்டுகளைத் தூக்கிக் கால்வாயில போடுங்க" என்று சொல்லித் தொலைத்தான். மறுநாள் காலையில் சதாசிவத்தின் மூன்று நாகஸ்வரத் தட்டுகள் பாழாகிக் கிடந்தன. இதற்குமேல் அந்த மனுஷனுக்குச் சாட்சி வேண்டுமா?

கிளப் வாசலில் காரியதரிசி ராஜசேகரன் பன்னீர்ச் செம்போடு நின்றான். என்ன கலவரம் நடந்தாலும் வந்தவர்கள்மேல் பன்னீர் தெளிப்பது அந்தக் கிளப்பின் வழக்கம். லியாக்கத் அலி செம்பின் பக்கம் மூக்கைக் கொண்டுபோனவர், சட்டென்று விலகிக்கொண்டார். ஆதமின் கழுத்தில் நாலு சொட்டு விழுந்தது.

"அலமாக்! என்னப்பா இது, ஐஸ் மாதிரி சில்லுனு இருக்கு!" துடைக்கக் கையைக் கொண்டுபோவதற்குள் கழுத்து காய்ந்துவிட்டது.

"வந்துட்டாரா உங்க வக்கீலு?" என்றார் உள்ளே உட்கார்ந்திருந்த சதாசிவம். நெற்றியில் சந்தனம், மூக்கில் பொடி. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் ஒரு முனையில் கறுப்புக் கறை. ஆபீஸ் மை என்று ஆதம் நினைத்துக்கொண்டான்.

மனோகரன் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனை ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை.

லியாக்கத் அலி தட்டுகளைக் கையில் எடுத்தார். உறைக் காகிதம் அங்கங்கே தட்டோடு ஒட்டிப்போயிருந்தது. பளபளப்பு செத்துச் சாம்பல் பூத்திருந்தது. வட்டவட்டமாகப் பொட்டுகள், அவற்றின்மேல் துணியால் சுற்றித் தேய்த்த தடம். நடுவிலிருந்த காகிதத்தில் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. பழைய பொட்டு வெடித்து உதிர்ந்திருக்க, அதன்மேல் புதிதாக இன்னொன்று.

"ஞாயித்துக்கிழமை தட்டுப் பெட்டியைக் கடைசியாப் பூட்டினது யாருங்க?"

"நான்தான். அப்ப என் தட்டு மூணும் நல்லா இருந்துச்சு. காலையில தொறந்தது இவன். வேற யாருகிட்ட சாவி இருக்கு?"

"ஜாஸ் தட்டை எடுக்கத்தான் தொறந்தேன்," என்றான் மனோகரன்.

"வாய மூடு!"

"அவர ஏன் அதட்டுறீங்க?" என்று சீறினாள் சந்திரமதி. ராஜசேகரன் நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

லியாக்கத் அலி சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். "ஒரு தட்டை நாசம் பண்ண நினைக்கிறவன் என்ன செய்வான்? கீழ போட்டா ரெண்டா உடையும். ஆணியால ஒரு கீறல் போதும். இதைச் செஞ்சவரு பொறுமையா, வட்டமாத் துடைச்சிருக்காரு. புதுசாச் சந்தனமும் வெச்சிருக்காரு. விரோதத்துல செய்றவன் பொட்டு வைப்பானா?"

சதாசிவம் பொடி டப்பாவைத் திறந்தார், மூடினார். "சந்தனம் நான் வெச்சது. இந்தப் பய அந்தக் குரங்குக் கூத்தை என் நாகஸ்வரத்து மேலயே அடுக்கி வெச்சிருந்தான். தீட்டு. எல்லாரும் போனப்புறம் மங்கல் வெளிச்சத்துல பன்னீர் தெளிச்சுத் துடைச்சு, பொட்டு வெச்சு, உறையில போட்டேன். சரஸ்வதி பூஜைக்கு வருஷா வருஷம் செய்றதுதான். இதுவரைக்கும் ஒரு தட்டுக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார் லியாக்கத் அலி.

"என் தட்டு. எவனுக்குச் சொல்லணும்?"

"சரி. ஒரு ஜாஸ் தட்டை எடுங்க. எது வேணுமோ, நீங்களே பாத்து எடுங்க. அதே மாதிரி பன்னீர் தெளிச்சுத் துடைங்க."

சதாசிவத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆறையும் புரட்டிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தாளம் போட்ட தட்டாகப் பார்த்து உருவினார். செம்பைக் கவிழ்த்துத் தாராளமாகவே தெளித்தார். கொஞ்சம் ஊறவிட்டு, துண்டின் சுத்தமான முனையால் அழுத்திச் சுற்றித் துடைத்தார்.

தட்டு பளபளப்பை இழந்தது. துண்டில் கறுப்பு ஏறியது. பழைய கறை ஒரு முனையில், புதுக்கறை மறுமுனையில். இரண்டும் ஒரே நிறம்.

"ராஜசேகரன், செம்புல என்ன ஊத்தினீங்க?"

"ஞாயித்துக்கிழமை துரையம்மா வராங்கன்னு... பன்னீர் தீந்துபோச்சுங்க. வாசனைக்கு என்ன இருந்தா என்னன்னு ஓடிக்கலோன் ஊத்தினேன். இன்னிக்கும் அதேதான்."

"ஓடிக்கலோன்ல பெரும்பங்கு ஸ்பிரிட்," என்றார் லியாக்கத் அலி. "தொழப் போறவன் நான், ஸ்பிரிட் கலந்த வாசனையை உடுப்புல பட விடமாட்டேன். அதான் வாசல்லயே மோந்து பார்த்தேன். ஆதம் கழுத்துல சில்லுனு பட்டு ஒடனே காஞ்சப்போ சந்தேகமே இல்ல. தட்டு செய்றது அரக்குல. தச்சன் அரக்கை எதுல கரைச்சு நாக்காலிக்குப் பூசுறான்? ஸ்பிரிட்லதான். ஐயாவுக்குப் பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்துப்போச்சு, வாசனை தெரியல. வழக்கம்போலப் பன்னீருன்னு நம்பித் தன் கையாலயே கரைச்சிருக்காரு."

ஆதமுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. மச்சான் முறைத்த முறையில் அடக்கிக்கொண்டான். சதாசிவம் துண்டின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப யாருங்க வீட்டைக் காலி பண்றது?" என்று கேட்டாள் சந்திரமதி.

"இருந்துக்கட்டும்."

"இருந்துக்கட்டுமா? என்ன, பிச்சை போடுறீங்களா? இவர் செய்யலைன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க."

சதாசிவத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. "மனோகரன் செய்யல," என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வரும் என்று அங்கே ஒருவரும் எதிர்பார்க்கவும் இல்லை.

பாழான தன் மூன்று தட்டுகளையும் அந்தத் துண்டிலேயே சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, மிச்ச ஜாஸ் தட்டுகளை என்ன செய்ய?" என்று ராஜசேகரன் மெல்லக் கேட்டான்.

"அத்தனையும் குப்பை." வாசலில் நின்றார். "எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்குங்க. பெட்டியில எடம் காலியாத்தானே கிடக்கு."

அவர் படியிறங்கிப் போனபின் மனோகரன் மீந்த தட்டுகளில் ஒன்றை எடுத்துக் கிராமபோனில் வைத்தான். ஊசியை இறக்கப்போனவனின் கையைச் சந்திரமதி பிடித்துக்கொண்டாள். அவள் கண் அப்போதுதான் கலங்கியது.

"பாட்டு கிடக்கட்டும். சட்டி பானையெல்லாம் மூட்டையில கிடக்கு. வந்து அவுத்து வைங்க."