ஆபிரகாமின் இன்ஜின்

துடைத்து வைத்த கார்புரேட்டரில் மறுபடியும் தண்ணீர் நின்றது.

கலைவாணன் அதைக் கவிழ்த்து உதறினான். மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுத்து, அவனே சாக்கின்மேல் வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சொட்டிய ஈரத்தை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

சதுரங்கப்பட்டினம் கரையில், வலைகள் குவிந்த கொட்டகைகளுக்கு நடுவே இருந்தது அவன் பட்டறை. பகல் மூன்று மணிதான். ஆனால் மழைமேகம் கவிந்து தகரக் கூரைக்குக் கீழே இருட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய் வாடைக்கும் துரு வாடைக்கும் அடியிலிருந்து, கரையொதுங்கிய பாசி அழுகும் நாற்றம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

இன்ஜின் ஆபிரகாமுடையது. ஒன்பது நாளைக்கு முன் தனியாகக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு மட்டும் பாதி மூழ்கிக் கிடைத்தது. அவன் மனைவி ரூத் பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“பொழுது சாயறதுக்குள்ள மாட்டிக் குடுத்துடு அண்ணாத்த. இத்தப் போட்டுகினுதான் எங்க அண்ணன் அவரத் தேடப் போவுது.”

“ஆவட்டும்மா.”

அவளுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். போன மாதம் இதே இன்ஜினைப் பிரித்தபோது, கடல்நீரை இறைத்து அதைக் குளிர வைக்கும் ரப்பர் விசிறியில் இரண்டு இதழ் கிழிந்திருந்தது. புதுசு வாங்கிவரச் சோம்பல்பட்டு, பழையதையே மாட்டி அனுப்பிவிட்டான். இன்று பிஸ்டன் சூட்டில் இறுகிக் கிடந்தது. சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. நடுக்கடலில் இன்ஜின் ஏன் நின்றது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பிஸ்டனைத் தொட்டான். நனைந்திருந்தது. ரிங்குகள், போல்ட்டுகள், எல்லாமே. சாக்கே ஊறிப்போயிருந்தது. மொத்தத்தையும் வாரி மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுவிட்டு, கூரை ஒழுகுகிறதோ என்று எழுந்து போய்ப் பார்த்தான். மழையே இன்னும் விழவில்லை.

முதுகுக்குப் பின்னால் பிரஷ் தேய்க்கும் சத்தம்.

திரும்பினான். நின்றுவிட்டது.

“அண்ணாத்த,” ரூத் உள்ளே எட்டிப் பார்த்தாள். “நீ இங்க நிக்கற. அங்க பிரஷ்ஷு போட்டுகினு இருந்தது யாரு?”

விசிறி விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது.

“யாருமில்லமா. எலி.”

அவள் போய் உட்கார்ந்தாள். அவன் தட்டின் முன்னால் குந்தினான். நாலு விரல் ஆழம்தான். மண்ணெண்ணெய் கறுத்துப்போய் அடி தெரியவில்லை. இரண்டு கைகளையும் விட்டுத் துழாவினான். போல்ட்டு. ரிங்கு. பிஸ்டன்.

பிறகு மெத்தென்று ஒன்று. சில்லிட்டிருந்தது. தோல் வழுக்கியது.

ஒரு கை.

அது அவன் வலது கையைப் பிடித்தது. இழுத்தான். வரவில்லை. தட்டும் அசையவில்லை. வாயைத் திறந்தான். உப்புத்தண்ணீர்தான் வழிந்தது.

இன்னொரு கை வந்தது, பிரஷ்ஷோடு. அவன் கட்டைவிரலைத் தேய்த்தது. நகக்கண்ணை. ரேகைகளை. நிதானமாக, துளி அழுக்கு விடாமல்.

தேய்த்து முடித்ததும் விரல் மூட்டைப் பிடித்தது. திருகியது.

“முடிஞ்சிச்சா அண்ணாத்த?” வாசலிலிருந்து ரூத் கேட்டாள்.

ஊறி வெளுத்த கை தட்டிலிருந்து எழுந்து, காலியான சாக்கின்மேல் அவன் கட்டைவிரலை வைத்துவிட்டு, அடுத்த விரலுக்காக மண்ணெண்ணெய்க்குள் இறங்கியது.