முள்தோல்

மன்னார்க் கடற்பள்ளத்தின் அடியில் மின்கல், அதாவது மின்கலம் செய்ய உதவும் உலோகக் கல், பொறுக்கப் போகிறவர்கள் சண்டையில் கழுத்தை அறுப்பதில்லை. அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை, உடையைக் கிழித்தால் போதும். குளிர்நீர் உள்ளே பாய்ந்து மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். போன மாதம் அப்படிச் செத்தவர்களில் பாதிப் பேர் காஸ்பருக்குத் தெரிந்தவர்கள்.

அதனால்தான் தூத்துக்குடியில் ரெனால்டாவின் கடையில் நீர் புகாத உலர்உடைகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். கூடவே மனைவியின் அண்ணன் பெலவேந்திரன். மூழ்குகிறவனின் கயிறு மச்சான் கையில் இருக்க வேண்டும் என்பது முத்துக்குளித்த காலத்து வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. கயிறு போய், கூடவே மூழ்கும் துணை வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை.

"மூவடுக்குத் துணியே எடு மாப்ள. லேசா இருக்கும், கிழிஞ்சா ஒட்டிக்கலாம்," என்றான் பெலவேந்திரன்.

"ஒட்டுறதுக்கு நான் உசுரோட இருக்கணும்ல மச்சான்."

நுரைரப்பர் கதகதப்பானது, ஆனால் ஆழத்தில் அழுந்தி அட்டையாகிவிடும். அதையும் தள்ளினான். கடைசியில் ரெனால்டா முள்தோலை எடுத்துப் போட்டாள். ஆய்வகத்தில் வளர்த்த தோல் அது. உடம்பளவுக்குத் தானே சுருங்கும், எங்கும் மடிப்பு விழாது. உள்ளிருக்கும் நரம்பிழைகள் நாடியைப் படிக்கும். போட்டிருப்பவன் யாருக்கு அஞ்சுகிறானோ அவனை நோக்கி முழநீள முள் பாயும்.

"எதிரி யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று பெலவேந்திரன் கேட்டான்.

"அதுக்குத் தெரியாது அண்ணாச்சி. போட்டிருக்கவருக்குத் தெரியும்ல, அது போதும்."

காஸ்பர் போட்டுப் பார்த்தான். கூடவே பிறந்தது போல் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்புறம் அவன் யார் பேச்சையும் கேட்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். முந்தின ஞாயிறு காஸ்பர் குடித்துவிட்டு மனைவி செலஸ்டினாவைக் கன்னம் வீங்க அறைந்திருந்தான். பெலவேந்திரன் வந்தான், சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவ எந்தங்கச்சி மேல கை வச்சேன்னா, உன்னைக் கீழயே விட்டுட்டு நான் மட்டும் மேல வருவேன்," என்று மட்டும் சொன்னான். மறுநாளே இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள். காஸ்பர் அதை மறந்துவிட்டதாகத்தான் நினைத்தான்.

பள்ளத்தில் இறங்கியதும், அதே கல்லுக்குப் போட்டியிடும் எதிர்க்கூட்டம் பாய்ந்தது. அரிவாளோடு தோளைக் குறிவைத்தவனின் அக்குளில் ஏறிய முள் கழுத்து வழியே வெளியே வந்தது. காலைப் பிடித்து இழுத்தவனின் கைகள் இரண்டும் அவன் வயிற்றோடு சேர்த்துத் தைக்கப்பட்டன. காஸ்பர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. முகக்கண்ணாடிக்குள் சிரித்தான், வெட்கங்கெட்டவன். எதிரிகளில் மிஞ்சியவர்கள் ஓடும்போது கல் அள்ளும் வலையை அவன் மேல் எறிந்துவிட்டுப் போனார்கள். கை, கால், காற்றுக்குழாய் எல்லாம் சிக்கிக்கொண்டன. மூச்சு முட்டியது.

கலங்கிய சேற்றுக்குள்ளிருந்து பெலவேந்திரன் கத்தியோடு வந்தான். வந்தது மச்சான், வலையை அறுக்கத்தான் வருகிறான் என்பது காஸ்பருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கத்தியைப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நெஞ்சில் ஒரு துடிப்புக்கு வந்து போனது. முள்தோலுக்கு அது போதும். மூன்று முட்கள் பெலவேந்திரனின் மூவடுக்குத் துணியைக் கிழித்து மார்பில் இறங்கின.

இறங்கிய பிறகும் பெலவேந்திரன் கடைசி முடிச்சை அறுத்துவிட்டுத்தான் கத்தியை விட்டான்.

அழுத்தம் தணிய நிற்க வேண்டிய இடங்களிலெல்லாம் நின்று, ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டே காஸ்பர் மேலே வந்தான். எதிர்க்கூட்டம் மச்சானைக் கொன்றுவிட்டது. அவ்வளவுதான், யார் பார்த்தார்கள்?

துறையில் உச்சிவெயில். குளிருக்கான உடைக்குள் உடம்பு வெந்தது. உடையின் திறப்பு முதுகில், தோளிலிருந்து தோள்வரை இருக்கிறது. போட்டவனால் திறக்க முடியாது. உதவ வந்த துறைக்காரனைக் கண்டதும், மச்சான் எங்கே என்று கேட்டுவிடுவானோ எனக் காஸ்பருக்குத் திக்கென்றது. முள் பாய்ந்து துறைக்காரனின் உள்ளங்கை கிழிந்தது. அதற்கப்புறம் ஒருவரும் நெருங்கவில்லை.

செலஸ்டினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "இப்பிடி வெயில்ல கெடக்கீங்களே. திரும்புங்க, நான் திறக்கேன்."

"கிட்ட வராத செலஸ்டி."

அவள் நின்றாள். கடலைப் பார்த்தாள். "எங்கண்ணன் எங்க?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் உடம்பிலிருந்த அத்தனை முள்ளும் அவளை நோக்கி நிமிர்ந்து நின்றன.

செலஸ்டினா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கைக்கெட்டாத தூரத்தில், ஒரு படகின் நிழலில் போய் உட்கார்ந்தாள். நீண்ட கம்பியால் முதுகுத் திறப்பை இழுத்துவிட வந்த இருவரைக் கைநீட்டித் தடுத்தாள்.

"அவருக்குப் பயம் போகட்டும்," என்றாள். "அதுவரைக்கும் யாரும் கிட்ட போகாதீங்க."